வெங்காயத் தோட்டத்தில் ஒரு முன்கூட்டிய தற்காப்பு

போர் தொடங்கிய செய்தி வில்வடி வாசிகசாலைக்கு முறைப்படி அறிவிக்கப்படவில்லை. கடல்களுக்கு அப்பால் வல்லரசொன்று, எண்ணெய் விளையும் சிறிய நாடொன்றின்மீது குண்டு வீசத் தொடங்கி, அங்கே நகரங்கள் எரிந்து, கப்பல்கள் மறிக்கப்பட்டு, இங்கே கரவெட்டிச் சந்தியில் ‘மண்ணெண்ணெய் இல்லை’ என்ற பலகை தொங்கிய பிறகே, வாசிகசாலைத் தலைவர் திரு. தியாகராசா அதனைப் பத்திரிகையில் வாசித்தார். அதுவும் பொதுமக்கள் வாசித்து, மூலை மடித்து, வெற்றிலைச் சாறு பட வைத்துவிட்டுப்போன பத்திரிகையில். கல்வித் திணைக்களத்தில் உயர் பதவி வகித்து ஓய்வுபெற்ற ஒருவருக்கு இதனினும் பெரிய அவமதிப்பு இருக்க முடியாது. அன்று மாலையே அவசரப் பொதுக்கூட்டம் கூட்டப்பட்டது. பொருள்: போரின் காரணங்களை ஆராய்தல்.

அந்தக் கூட்டத்துக்குக் கதிரவேலு போயிருக்க வேண்டியதில்லை. உள்ளூரிலேயே போதுமான அளவு போர் பார்த்தவர் அவர். வெளியூர்ப் போரில் அவருக்கு ஆர்வம் இல்லை. ஆனால் ஊருக்கு வரும் மண்ணெண்ணெயைப் பங்கிடும் பொறுப்பை வாசிகசாலை தானாகவே ஏற்றுக்கொண்டிருந்தது. அவருடைய தோட்டத்தில் வெங்காயம் கிழங்கு பருக்கிற பருவம். இந்த வேளையில் தண்ணீர் தப்பினால் தாள் பழுத்துக் கிழங்கு சுண்டிவிடும். சென்ற போகம் மழையில் அழுகிப்போயிற்று. இந்தப் போகமும் போனால் அடுத்த நடுகைக்கு விதைவெங்காயம் மிஞ்சாது. காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, அவரும் மனைவி பராசக்தியும் அதே காணியில் கூலிக்கு இறங்க வேண்டியதுதான். ஆகவே தண்ணீர் இறைக்கும் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் எப்போது வரும் என்ற ஒரே கேள்வியைக் கேட்பதற்காக, சுத்தமான சட்டையொன்றைப் போட்டுக்கொண்டு போய்க் கடைசி வாங்கில் அமர்ந்தார்.

தலைவர் எழுந்தார். தண்ணீர் அருந்தினார். காரணங்களுக்கு வந்தார்.

“சபையோர்களே, இப்போரின் காரணங்கள் மூன்று. முதலாவது, ஐயம். அந்தச் சிறிய நாடு நிலத்துக்கடியில் பயங்கர ஆயுதமொன்றை ஒளித்து வைத்திருக்கிறது என்று வல்லரசு ஐயுற்றது. இரண்டாவது, தேடல். சர்வதேச நிபுணர்கள் தேடினார்கள், எதுவும் கிடைக்கவில்லை. மூன்றாவது காரணமே முதன்மையானது. எதுவும் கிடைக்காத அளவுக்கு ஒருவன் ஒளித்து வைப்பானேயானால், அவன் எத்தகைய வஞ்சகனாக இருக்க வேண்டும்? இந்த நியாயத்தை மறுக்க எவராலும் இயலாது. நான் இரவு முழுவதும் முயன்று பார்த்தேன், என்னாலேயே இயலவில்லை.”

கைதட்டல் எழுந்தது. கதிரவேலுவும் தட்டினார். தட்டிக்கொண்டிருக்கையில் அவருக்கு ஓர் ஐயம் வந்தது. அது வராதிருந்திருக்கலாம்.

“ஐயா, ஒண்டு கேக்கட்டோ?”

“தாராளமாகக் கேட்கலாம். இது சனநாயக அமைப்பு.”

“அந்தச் சின்ன நாட்டிட்டை உண்மையிலேயே அந்தச் சாமான் இல்லையெண்டால், இல்லையெண்டதை அவை என்னண்டு காட்டுறது?”

தலைவர் தமது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மீண்டும் அணிந்து, அதனூடாகக் கதிரவேலுவை முதன்முறையாகப் பார்ப்பவரைப்போலப் பார்த்தார்.

“இப்படியொரு கேள்வி தங்களுக்கு ஏன் தோன்றியது?”

“சும்மாதான் கேட்டனான் ஐயா.”

செயலாளர் கோபிசங்கர், கூட்டத்தில் எவர் இருமினாலும் நேரத்தோடு குறித்துக்கொள்பவர், ‘சும்மா’ என்பதை எழுதி அதன்கீழ் இரண்டு கோடுகள் இட்டார்.

வீட்டு வாசலில் பராசக்தி காத்துக்கொண்டு நின்றார்.

“மண்ணெண்ணெய் எப்ப வருமாம்?”

“அதைக் கேக்கேல்லை.”

“பேந்து என்னத்தைக் கேட்டனீங்கள்?”

கதிரவேலு சொன்னார். பராசக்தி கையிலிருந்த சுளகை நிலத்தில் வைத்தார்.

“ஊரிலை இருக்கிற ஒருத்தனும் கேக்காத கேள்வி உங்களுக்கு ஏன்? வாய் திறக்காத மனுசன், திறந்தால் உப்பிடித்தான்.”

---

மண்ணெண்ணெய் வரவில்லை. அந்தத் தோட்டங்களுக்கு இருந்தது பங்குக் கிணறு. கதிரவேலு, தலைவர், செயலாளர் ஆகிய மூவருக்கும் அதில் உரிமை. முறை வைத்து இறைப்பது தந்தையர் காலத்திலிருந்து வரும் ஒழுங்கு. இயந்திரங்கள் மூன்றும் வாயடைத்துக் கிடந்தன. கதிரவேலுவும் பராசக்தியும் தங்கள் முறையன்று விடிய முன்னர் எழுந்து, கப்பியில் கயிறு போட்டு, வாளியால் அள்ளி அள்ளி வாய்க்காலில் ஊற்றினார்கள். உள்ளங்கை கொப்பளித்தது. கொப்பளம் உடைந்தது. வெங்காயம் பச்சையாக நின்றது.

தலைவருடைய முறையன்று எவரும் இறைக்கவில்லை. அவருக்குப் பொதுவாழ்வு இருந்தது. செயலாளருடைய முறையன்றும் எவரும் இறைக்கவில்லை. அவருக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு இருந்தது. இரண்டு தோட்டங்களும் பழுத்து மஞ்சளாயின. இரண்டு மஞ்சளுக்கு நடுவே ஒரு பச்சை. வாசிகசாலையின் யன்னலிலிருந்து பார்க்கும்போது அது மிகத் தெளிவாகத் தெரிந்தது. வேறு எதனையும் பார்க்க முடியாத அளவுக்குத் தெரிந்தது.

அடுத்த கூட்டத்தில், அந்தப் பச்சைக்கு மண்ணெண்ணெய் எங்கிருந்து வருகிறதென்று கண்டறிய, ‘நிலைமை அவதானிப்புக் குழு’ அமைக்கப்பட்டது. அதற்குப் பொறுப்பாகப் பிரதீபா என்ற பெண் நியமிக்கப்பட்டார். அரசறிவியல் படித்துப் பட்டம் பெற்று, வேலைக்காகக் காத்திருந்தவர்; கிடைத்த முதல் வேலையைக் கவனமாகச் செய்ய விரும்பினார். குடை, தண்ணீர்ப் போத்தல் சகிதம் விடியற்காலையிலேயே வந்து கிணற்றுத் தொட்டியின் விளிம்பில் அமர்ந்தார்.

“மாமா, கையை ஒருக்கா நீட்டுங்கோ.”

கதிரவேலு நீட்டினார். பிரதீபா குனிந்து மணந்தார்.

“சவுக்கார மணம்.”

“ஓம் பிள்ளை. கழுவினனான்.”

“ஏன் கழுவினனீங்கள்?”

“சாப்பிடப்போறன்.”

“சாப்பிடக் கழுவினீங்களோ, கழுவிறதுக்காகச் சாப்பிடுறீங்களோ?”

வாய்க்காலில் நின்ற பராசக்தி நிமிர்ந்தார். “பிள்ளை, கொம்மாவைக் கேட்டுப் பார். நீ பிறந்தப்ப உன்னைத் தூக்க முந்தியும் நான் கை கழுவினனான்தான். அப்ப ஒருத்தரும் எழுதேல்லை.”

பிரதீபா எழுதினார். அவருடைய அறிக்கை நேர்மையானது. கதிரவேலு தம்பதியர் கையால் தண்ணீர் இறைப்பதைத் தாம் கண்ணாரக் கண்டதாகவே அதில் இருந்தது. தலைவர் அதை உரக்க வாசித்துவிட்டுப் புன்னகைத்தார்.

“கவனியுங்கள். கண்ணாரக் காணும்படி இறைத்திருக்கிறார்கள். ஒளிக்க எதுவும் இல்லாதவன் எதற்காக இத்தனை வெளிப்படையாக இறைக்க வேண்டும்? வாளி என்பது ஒரு திரை. திரைக்குப் பின்னால் மண்ணெண்ணெய் இருக்கிறது. வல்லரசும் இதைத்தான் சொல்கிறது: அந்த நாட்டில் மருத்துவமனைகள் மிகையாக மருத்துவமனைகளைப்போல் இருக்கின்றன.”

அன்று தொட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. முதலில் கதிரவேலு பத்திரிகை வாசிப்பது தடுக்கப்பட்டது. அவர் அதை ஒருபோதும் வாசித்ததில்லையாதலால் தடை முழு வெற்றி பெற்றது. பின்னர் கிணற்றுக் கயிறு பொதுச்சொத்தெனக் கழற்றப்பட்டது. அவர் மாட்டுக் கயிற்றைக் கட்டினார். கயிறு மாறியமை பதற்றத்தை அதிகரிக்கும் நடவடிக்கையெனக் கண்டிக்கப்பட்டது. கடைசியில், விசாரணை முடியும்வரை அவருடைய இறைப்புமுறையே இடைநிறுத்தப்பட்டது.

அதுதான் அடி. வெங்காயத் தாளின் நுனியில் முதல் மஞ்சள் தெரிந்தபோது கதிரவேலு தலைவரின் வீட்டுக்கே போனார். படலைக்கு வெளியே நின்று, தோளில் கிடந்த துவாயைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“ஐயா, வீட்டை வந்து தேடிப் பாருங்கோ. அடுப்படி, மாட்டுக்கொட்டில், எல்லா இடமும் பாருங்கோ. இல்லையெண்டால் முறையைத் தந்திடுங்கோ. பயிர் வாடுது.”

“வருகிறோம். நாங்கள் சமாதானத்தை விரும்புபவர்கள்.”

வந்தார்கள். நெல் மூட்டையைக் குத்திப் பார்த்தார்கள். சுவாமிப் படத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். கட்டிலின்கீழ் வெறும் பிளாஸ்ரிக் கான் ஒன்று அகப்பட்டது. கோபிசங்கர் அதைக் கவிழ்த்தார். ஒரு துளியும் விழவில்லை.

“அண்ணை, இது வெறுமையாக் கிடக்கு.”

“ஓம் தம்பி. அதைத்தானே நானும் சொல்லுறன்.”

“அப்ப இதுக்குள்ளை இருந்தது எங்கை?”

கதிரவேலு மனைவியைப் பார்த்தார். பராசக்தி வானத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“எங்கடை மிசின் குடிச்சது தம்பி. போன மாசம். உங்கடை மிசின் என்ன, தேத்தண்ணியே குடிச்சது?”

அன்றைய கூட்டத்தில் மண்ணெண்ணெய் நிலத்துக்கடியில் புதைக்கப்பட்டுள்ளது என்பது ஏகமனதாக உறுதிசெய்யப்பட்டது. வல்லரசைப் பின்பற்றி ‘விருப்பமுள்ளோர் கூட்டணி’யும் அமைந்தது. பந்தடிக்க இடமில்லாதிருந்த விளையாட்டுக் கழகம் சமதரையான நிலம் கிடைக்குமென்று சேர்ந்தது. எல்லைவேலித் தகராறு வைத்திருந்த அயலவர் ஒருவர் கொள்கை அடிப்படையில் சேர்ந்தார். ஏனையோர், சேராவிட்டால் தங்கள் வளவில் என்ன இருக்கிறதென்று கேட்பார்களே என்று சேர்ந்தார்கள். வரும் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு முன்னர் கதிரவேலு மண்ணெண்ணெயை ஒப்படைக்க வேண்டுமென்று இறுதி அறிவித்தல் கொடுக்கப்பட்டது.

---

கதிரவேலு விறாந்தையில் குந்தியிருந்து நெடுநேரம் யோசித்தார். ஊர் எரிந்த காலங்களில் அவர் கற்ற பாடம் ஒன்று இருந்தது. சோதனைச்சாவடியில் நிற்பவர், உன்னிடம் இன்னது இருக்கிறது என்று நம்பிவிட்டால், இல்லை என்பது அவருக்குப் பதிலாகாது. ஏதாவது ஒன்றைக் கொடுத்தால்தான் வழி திறக்கும். அந்தப் பாடம் அவர் உயிரை ஒருமுறைக்கு மேல் காப்பாற்றியிருந்தது. அதனாலேயே இப்போது அவரைப் பிழையான வழியில் கொண்டுபோயிற்று.

“நான் குருநகருக்குப் போட்டு வாறன்” என்றார்.

“ஏன்?”

“சூசைதாசனிட்டை மீன்பிடிப் போட்டுக்கு மண்ணெண்ணெய் கிடக்கும். கொஞ்சம் வாங்கிக்கொண்டு வந்து உவையளிட்டைக் குடுத்திட்டால் கரைச்சல் முடிஞ்சுது.”

பராசக்தி அவரை உற்றுப் பார்த்தார். “இல்லாத சாமானை வாங்கிக்கொண்டு வந்து, இருந்தது எண்டு குடுக்கப்போறீங்களோ?”

“முறையைத் தந்திடுவினம். வெங்காயம் தப்பும்.”

சூசைதாசன் மீனவர். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் இரண்டு குடும்பங்களும் ஒரே பாடசாலை வகுப்பறையில் சேலை கட்டி மறைத்து வாழ்ந்தவை. மீனவர்க்கென்று வந்த பங்கீட்டில் தம்முடையதிலிருந்து ஒரு கான் எண்ணெயை ஊற்றிக் கொடுத்துவிட்டு, முழுக் கதையையும் கேட்டார்.

“கதிரவேலண்ணை, இதைக் குடுத்தால் விடுவாங்களோ?”

“விடுவினம். அவையள் படிச்ச ஆக்கள்.”

“எனக்கு அதுதான் பயமாக் கிடக்கு” என்றார் சூசைதாசன்.

வெள்ளிக்கிழமை காலை, மாலையொன்று போடப்படாத குறையாக ஒப்படைப்பு விழா நடந்தது. கதிரவேலு கானை மேசைமேல் வைத்தார். பிரதீபா மணந்து பார்த்து, மண்ணெண்ணெய்தான் என்று உறுதிசெய்தார். தலைவர் கதிரவேலுவின் கையைப் பற்றிக்கொண்டு படமெடுக்க நின்றார். தலைவரின் கண்களில் நீர் திரண்டிருந்தது. கதிரவேலுவுக்கு நெஞ்சு லேசாயிற்று.

“ஐயா, அப்ப இறைப்புமுறை…”

தலைவர் கையை உயர்த்தி அவரை அமைதிப்படுத்தினார். பின்னர் சபையை நோக்கினார்.

“இல்லை, இல்லை என்றார். இன்று தந்திருக்கிறார். ஆகவே இருந்தது. ஒரு கான் தருபவரிடம் ஒரு கான்தான் இருக்கும் என்று நம்ப நாம் குழந்தைகளல்லர். உள்ளதில் எத்தனையோ பங்கில் ஒரு பங்கு இது. எஞ்சியதை வைத்துக்கொண்டு இவர் நாளை என்ன செய்வார்? கிணற்றைக் கொளுத்துவாரா? வாசிகசாலையைக் கொளுத்துவாரா? எனக்குத் தெரியாது. தெரியாது என்பதே என்னை அச்சுறுத்துகிறது. அவர் நம்மைத் தாக்க எண்ணுமுன், அவருக்கு அப்படியோர் எண்ணம் வருமுன், நாம் நம்மைக் காத்துக்கொள்ள வேண்டும். இதனை உலகம் முன்கூட்டிய தற்காப்பு என்று அழைக்கிறது. நாமும் அவ்வாறே அழைப்போம், செலவு அதிகமில்லை.”

“இது நான் குருநகரிலை வாங்கினது ஐயா!”

“வெளிநாட்டுத் தொடர்பும் உண்டு” என்று கோபிசங்கர் எழுதிக்கொண்டார்.

---

மறுநாள் காலை தோட்டத்து ஒழுங்கையில் பெக்கோ இயந்திரம் நுழைந்தது. மஞ்சள் நிறம், யானையளவு உடம்பு, நிலத்தைக் கிண்டும் இரும்புக் கை. முன்னே தலைவர் நடந்தார். பின்னே விளையாட்டுக் கழகம் மட்டை, விக்கெற்றுகளோடு நடந்தது.

கதிரவேலு ஓடிவந்து வரம்பில் நின்றார். பேசவேண்டியது நிறைய இருந்தும், அவர் வாயில் வந்தது ஒன்றுதான்.

“ஐயா, உதுக்கு டீசல் எங்காலை?”

“பொது ஒதுக்கீட்டிலிருந்து.”

“ஊர் உழவுமிசினுகளுக்கெண்டு பூட்டி வைச்ச டீசல் பரலோ?”

“முழுவதும் அல்ல” என்றார் தலைவர், பெருமிதத்துடன். “திரும்பிப் போவதற்கு ஒரு சிறு பகுதியை ஒதுக்கியிருக்கிறோம். கதிரவேலு, ஒரு கான் மண்ணெண்ணெய்க்காக ஒரு பரல் டீசலை எரிக்கிறோமே என்று தாங்கள் நினைக்கலாம். கணக்குப் பார்ப்பவன் போர் செய்ய முடியாது. அந்த வல்லரசைப் பாருங்கள்: எண்ணெய்க் கிணறுகளைக் காப்பதற்காகவே அவற்றை எரித்திருக்கிறது. அதற்குப் பெயர் உறுதி.”

“பயிர் ஐயா. கிழங்கு வைக்கிற நேரம்…”

“பயிரோடு எமக்கு எவ்விதப் பகையும் இல்லை. இதை நான் பகிரங்கமாகவே அறிவித்திருக்கிறேன்.”

இரும்புக் கை இறங்கியது. முதற் பாத்தி மண்ணோடு மேலே வந்து, தாளும் கிழங்குமாகத் தொங்கி, ஒருபுறம் விழுந்தது. இளவெங்காயத்தின் நெடி காற்றில் ஏறிற்று. நின்றவர்கள் அனைவரது கண்களிலும் நீர் வந்தது; எவர் அழுதாரென்று எவருக்கும் தெரியாமற் போயிற்று. பராசக்தி மட்டும் கண்ணைத் துடைக்காமல் நின்றார்.

நான்காவது பாத்திக்கடியில் இரும்பு எதிலோ மோதியது. உக்கிய பனங்குற்றி, துருப்பிடித்த தகரம், மண் நிரம்பிய ஒரு குழி. கூட்டணியினர் ஆர்ப்பரித்தனர்.

“நிலத்தடிக் கட்டமைப்பு!” என்று கோபிசங்கர் கூவினார்.

“அது பங்கர்!” என்றார் பராசக்தி. “பொம்பர் வந்து குண்டு போட்ட காலத்திலை ஒளிக்க வெட்டினது. தலைவர் ஐயா, உதுக்குள்ளை நீங்களும் இருந்தனீங்கள். என்ரை மாமாவின்ரை மடியிலை தலையை வைச்சுக்கொண்டு தேவாரம் சொன்னனீங்கள். பாதியிலை மறந்துபோச்செண்டு அவர்தான் எடுத்துத் தந்தவர்.”

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் குழியை எட்டிப் பார்த்தார். ஒரு கணம், மிகச் சிறிய ஒரு கணம், அவருடைய முகத்தில் ஏதோ அசைந்தது. பிறகு அது அடங்கிற்று.

“இருந்தேன்” என்றார். “ஆகவேதான் சொல்கிறேன். இங்கே ஓர் ஊரையே ஒளிக்கலாம் என்பதற்கு நானே சாட்சி. தொடர்ந்து தோண்டுங்கள்.”

டீசல் தீரும்வரை தோண்டினார்கள். திரும்பிப் போவதற்கென்று ஒதுக்கியதும் தீர்ந்தது. மண்ணெண்ணெய் இல்லை. பாத்தியும் இல்லை. தலைவர் மண்குவியலொன்றின்மேல் ஏறி நின்று வெற்றியை அறிவித்தார்.

“கதிரவேலுவின் தோட்டத்தில் மண்ணெண்ணெய் இல்லை என்பது இன்று ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கப்பட்டுள்ளது. இவ்வளவு காலமும் அவரால் நிரூபிக்க முடியாதிருந்ததை நாம் அவருக்காக நிரூபித்துக் கொடுத்திருக்கிறோம். அவருடைய இறைப்புமுறையை இக்கணமே அவருக்குத் திருப்பி வழங்குகிறேன்.”

கைதட்டினார்கள். பெக்கோவை நகர்த்த முடியாததால் அது அங்கேயே நின்றது. நிலம் பந்தடிக்கவும் ஏற்றதாக இல்லையென்று விளையாட்டுக் கழகம் எழுத்துமூலம் அதிருப்தி தெரிவித்தது.

---

கடல்களுக்கு அப்பால் நடந்த போரிலும் நிலத்தடி ஆயுதம் கிடைக்கவில்லையென்று பத்திரிகையில் ஒரு மூலையில் வந்தது. வாசிகசாலை உடனே கூடியது. பிழையான தகவல் எங்கிருந்து வந்தது என்று இரு போர்களையும் சேர்த்தே ஆராய்ந்தது. கதிரவேலுவின் வெங்காயம் தேவைக்கு மேல் பச்சையாக நின்றதே பொறுப்புவாய்ந்த பெரியோர்களைத் தவறாக வழிநடத்தியது என்று முடிவு செய்யப்பட்டது. இனி இவ்வாறு நேராதிருக்க, ஊரில் எங்கெங்கு பச்சை தென்படுகிறது என்று அவதானிப்புக் குழு நிரந்தரமாகக் கவனிக்கும். பிரதீபாவின் பதவி நிரந்தரமாயிற்று.

அதன்பின் எவரும் எவருக்கும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அயலவரின் முருங்கை ஒரே நாளில் மொட்டையாயிற்று. கோவில் வீதியில் நந்தியாவட்டைக்குத் தண்ணீர் ஊற்றுபவர்கள் நிறுத்தினார்கள். கீரைப்பாத்தி வைத்திருந்தவர்கள் அதன்மேல் சாம்பலைத் தூவினார்கள். வாசிகசாலையின் யன்னலிலிருந்து பார்த்தால் ஊர் முழுவதும் ஒரே சீரான மஞ்சள். அமைதி நிலவுவதாகத் தலைவர் ஆண்டறிக்கையில் குறிப்பிட்டார்.

குத்தகைக்கு ஆள் பேசி முடிந்திருந்தது. காணியைக் கையளிப்பதற்கு முன்னர் கடைசியாக ஒருமுறை பார்த்துவர அவர்கள் இருவரும் போனார்கள். இடையில் ஒரு மழை பெய்திருந்தது. பெக்கோவின் நிழலில், கிண்டிப் போட்ட மண்ணுக்குள் தப்பிக்கிடந்த கிழங்குகள் சில முளை விட்டிருந்தன. ஊசிபோன்ற, மிக இளம் பச்சை.

பராசக்தி முழந்தாளிட்டு அமர்ந்து ஒன்றைத் தொட்டார். “இஞ்சாருங்கோ, உயிர் கிடக்கு. பிடுங்கி வைச்சால் விதைக்குக் காணும். காணியைக் குடுக்கத் தேவையில்லை.”

கதிரவேலு முளைகளைப் பார்த்தார். பிறகு வாசிகசாலை யன்னலைப் பார்த்தார். அதன் கீழே பிரதீபாவின் குடை விரிந்திருந்தது.

“கையை எடும்” என்றார் மெதுவாக. “பாக்கிறாள்.”

அருகிலிருந்த காய்ந்த ஓலையை இழுத்து, பச்சை எதுவும் வெளியே தெரியாதபடி, அந்த முளைகளை மூடினார்.